கஞ்சாவும் வயோதிகமும்

நமது சந்தாதாரரான தோழர் ஒருவர் சென்ற வாரம் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கின்றார். ஊரையும் பேரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுச் சங்கதியை மாத்திரம் சொல்லுகின்றோம்.

அவருடைய தகப்பனாருக்கு இப்போது வயது 71. வாலிபத்தில் கஞ்சாப் பழக்கம் உடையவராயிருந்து, பிறகு குடும்பம், பிள்ளைகுட்டி, கடை வியாபாரம் என்று ஏற்பட்டவுடன் அதை அடியோடு விட்டு முப்பது வருஷத்திற்கு மேல் தொடாமலே இருந்தவர். சம்சாரம் இறந்த பிறகு, முழங்கால் வலிக்கும் தூக்கமின்மைக்கும் என்று சொல்லிக்கொண்டு, மலையடிவாரத்தில் ஒரு மடத்துத் திண்ணையில் கூடுகின்ற சாமியார்களோடு சேர்ந்து மறுபடியும் சிலும்பியைக் கையில் எடுத்திருக்கின்றார். எடுத்த மூன்று மாதத்திற்குள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தவுடன் கண் இருண்டு இரண்டு தடவை கீழே விழுந்திருக்கின்றார். இரண்டாவது தடவை மணிக்கட்டு முறிந்து ஆசுபத்திரியில் பத்து நாள் இருந்தாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் இரவு, பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்டாராம்.

மகன் பதறிப்போய் மடத்தில் போய் விசாரித்தால், அங்குள்ள ஒரு சாமியார், "இது வியாதியல்ல; சிவமூலியானது வயதானவர்களுக்குப் பாசத்தை அறுத்து ஞானத்தைக் கொடுக்கும்; பிள்ளையைத் தெரியாமற் போவது அதன் முதற்படி" என்று உபதேசம் செய்தாராம். தகப்பனாரைக் கேட்டால், "நான் இருபத்தைந்து வயதில் இதைப்போல மூன்று பங்கு பிடித்தவன், அப்போது ஒன்றும் ஆகாதது இப்போது என்ன ஆகிவிடும்?" என்கின்றாராம். ஆசுபத்திரி வைத்தியரோ, ஞாபகம் தேயும் வியாதியின் ஆரம்பமாயிருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கஞ்சா விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லை. "இம்மூவரில் யார் சொல்லுவது நிஜம்?" என்பதே தோழருடைய கேள்வி.

மூவரில் சாமியாருக்குப் பதில் சொல்லுவது சுலபம். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமற் போவது ஞானமென்றால், தலையில் அடிபட்டு நினைவு தப்பிக் கிடக்கின்றவனும், சாராயக்கடை வாசலில் உருண்டு கிடக்கின்றவனும் பரமஞானிகளாகத்தான் இருக்கவேண்டும். கஞ்சாவில் மயக்கத்தைக் கொடுக்கின்ற சத்துக்கு டி.எச்.சி. என்று பெயர். அதை 1964-ம் வருஷத்தில் ரபேல் மெஷூலம், யெகியேல் கவோனி என்கின்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் இஸ்ரேல் தேசத்தில் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள். இந்தச் சத்து மூளையில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளுகின்றது என்பது 1990-ல் தெளிவாயிற்று. அந்த இடத்துக்கென்று நமது சரீரம் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் பொருள் ஒன்று 1992-ல் அகப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்கின்ற வடமொழிச் சொல்லை எடுத்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டவுடனேயே, "பார்த்தீர்களா, எங்கள் முன்னோர்களுக்கு இதெல்லாம் அன்றைக்கே தெரியும்" என்று மார்தட்டக்கூடியவர்கள் நமது நாட்டில் உண்டு. அவர்களுக்கு ஒரு சேதி. அந்த ஆனந்தம் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது எந்த ரிஷியின் சிரசிலிருந்தும் அல்ல, பன்றியின் மூளையிலிருந்து. ஆகவே சாமியாரை இத்துடன் விட்டுவிடுவோம்.

நாம் உண்மையில் பயப்படுவது தகப்பனாரின் வார்த்தைக்குத்தான். ஏனென்றால் அது பகுத்தறிவு மாதிரியே காணப்படுகின்றது. அவர் சாஸ்திரத்தைச் சொல்லவில்லை. பெரியவர்கள் சொன்னார்கள் என்றும் சொல்லவில்லை. தன் சரீரத்தில் தானே பார்த்ததைச் சொல்லுகின்றார். எதையும் சொந்த அனுபவத்தைக்கொண்டு பரீட்சித்துப் பார் என்று எழுதுகின்ற நாமே இதை எப்படி மறுக்கமுடியும் என்று சிலர் கேட்கலாம். மறுக்கத்தான் போகின்றோம். அனுபவம் என்றால் யாருடைய அனுபவம்? இருபத்தைந்து வயதுச் சரீரம் பார்த்த அனுபவம் அது. அந்தச் சரீரம் இப்போது எங்கே இருக்கின்றது? பழைய வாலிபன் ஒருவன் இன்றையக் கிழவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன சாஸ்திரத்தைத்தான் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாராயணம் செய்கின்றார். எழுதினவன் தானே என்பதனால் சாஸ்திரம் சாஸ்திரமல்லாமல் போய்விடுமா?

செடி அதே செடி என்றே வைத்துக்கொள்ளுவோம். (அதுவும் இல்லை, அமெரிக்க சர்க்கார் கைப்பற்றிய சரக்குகளைச் சோதித்ததில் 1995-ல் நூற்றுக்கு 4 பங்காயிருந்த டி.எச்.சி. 2014-ல் சுமார் 12 பங்காகியிருந்தது.) மாறியிருப்பது உள்ளே வாங்குகின்ற சரீரம். டி.எச்.சி. தண்ணீரில் கரைவதல்ல, கொழுப்பில் கரைவது. மனிதனுக்கு வயது ஏற ஏறத் தசையும் நீரும் குறைந்து, அந்த இடத்தைக் கொழுப்புப் பிடித்துக்கொள்ளுகின்றது. பார்வைக்கு ஒல்லியாயிருக்கின்ற கிழவருக்குக்கூட வாலிபத்தில் இருந்ததைவிடக் கொழுப்பின் விகிதம் அதிகமாயிருக்கலாம். போன சத்து அதில் போய்ப் பதுங்கிக்கொண்டு, கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்ப இரத்தத்திற்கு வருகின்றது. இரத்தத்திற்கு வந்ததை மாற்றிக் கழிக்கவேண்டிய வேலை ஈரலினுடையது. அந்த ஈரலோ வயதில் சிறுத்துப்போகின்றது. அதன் வழியாக ஓடுகின்ற இரத்தமும் குறைந்துபோகின்றது. இதன் பலன் என்னவென்றால், வாலிபத்தில் காலையில் பிடித்தது மாலைக்குள் பெரும்பாகம் தெளிந்துவிடும். வயோதிகத்தில் காலையில் பிடித்ததன் மிச்சத்தின்மேல் மாலைச் சிலும்பி ஏறுகின்றது. மூன்றில் ஒரு பங்குதானே என்று அவர் கணக்குப் போடுகின்றார். சரீரம் வேறு கணக்குப் போடுகின்றது.

இனி அவர் ஏன் விழுந்தார் என்பதைப் பார்ப்போம். உட்கார்ந்திருக்கின்றவன் எழுந்து நின்றால் இரத்தம் கால்பக்கம் இறங்கும். வாலிபனுக்கு நாளங்கள் உடனே இறுகி, இருதயம் இரண்டு அடி அதிகமாக அடித்து, அவன் அறியாமலே மூளைக்கு இரத்தத்தைத் தள்ளிவிடும். வயோதிகருக்கு இந்த ஏற்பாடு மந்தப்பட்டுப்போகின்றது. கஞ்சாவோ நாளங்களைத் தளர்த்தி, நாடியை வேகப்படுத்துகின்ற வஸ்து. இதற்குமேல் இரத்தக்கொதிப்புக்கென்று தினம் ஒரு மாத்திரையும் சாப்பிடுகின்றவராயிருந்தால், மூன்றும் ஒன்றுசேர்ந்து அவரைத் தரையில் போடாமல் வேறு என்ன செய்யும்?

கஞ்சாவினால் செத்தவன் ஒருவனைக் காட்டு என்று அதன் பக்தர்கள் சவால் விடுவது வழக்கம். அதில் ஒரு உண்மையும் இருக்கின்றது. மூச்சை நடத்துகின்ற மூளைத் தண்டில் டி.எச்.சி. ஒட்டிக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவாதலால், அபினியைப்போல மூச்சை நிறுத்திக் கொல்லுகின்ற சக்தி அதற்கு இல்லை. இருந்தாலும், எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி எழுந்து பழையபடி நடக்கின்றார்கள் என்பதை அவரவர் தெருவிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இருதயத்தின் சங்கதியும் இப்படித்தான். மாரடைப்பு ஏற்பட்ட 3882 பேரை அமெரிக்காவில் விசாரித்து 2001-ல் ஒரு அறிக்கை வந்தது. கஞ்சா பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அபாயம் மற்ற நேரத்தைப்போல 4.8 மடங்கு என்று அதில் கண்டது. அத்தனை பேரிலும் முந்தின வருஷத்தில் கஞ்சா பிடித்தவர்கள் 124 பேர்தான். ஆதலால் இந்த எண்ணைக் கல்லில் வெட்டின எழுத்தாக நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஏற்கனவே குழாய் அடைபட்ட கிழ இருதயத்தைச் சவுக்கால் அடித்து ஓட்டினால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. கானடா தேசத்தில் நியூ பிரன்சுவிக் மாகாணத்து வைத்தியர்கள் 2019-ல் ஒரு நோயாளியைப்பற்றி எழுதினார்கள். வயது 70. இருதய நோய் உண்டு, ஆனால் அடங்கியிருந்தது. வலிக்கும் தூக்கத்திற்கும் என்று, 90 மில்லிகிராம் டி.எச்.சி. கலந்த குச்சிமிட்டாய் ஒன்றைப் பெரும்பாகம் சப்பித் தின்றார். அரைமணி நேரத்திற்குள் மாரடைப்பு. ஒரு சாதாரணக் கஞ்சாச் சுருட்டில் சரீரத்திற்குப் போய்ச் சேர்வது 7 மில்லிகிராம் அளவு என்று அந்த வைத்தியர்களே எழுதியிருக்கின்றார்கள். மிட்டாய் என்றால் குழந்தை தின்பது, அது என்ன செய்யும் என்கின்ற எண்ணந்தான் மனிதனைக் கவிழ்க்கின்றது.

தின்பதற்கும் புகைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ஏனெனில் லேகியமென்றும் பாங்கென்றும் தின்கின்ற, குடிக்கின்ற வழக்கம் நமது நாட்டிலும் உண்டு. "புகைதான் கெடுதல், உருண்டை மருந்து" என்று நினைக்கின்ற பாட்டிமாரும் உண்டு. புகைத்தால் சில நிமிஷத்தில் ஏறும். போதும் என்பது தெரியும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. "ஏறவே இல்லையே" என்று இன்னொரு உருண்டையைப் போட்டுக்கொள்ளுவார்கள். அதற்குள் முதல் உருண்டையை ஈரல் முன்னிலும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றி மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வரும்போது வாலிபனே திணறுவான் என்றால், கழிக்கச் சக்தியற்ற கிழவருக்கு மறுநாள்வரையில் மயக்கம் நீடிப்பதில் ஆச்சரியமில்லை.

சரீரத்தை விட்டு மனதுக்கு வருவோம். இப்போதுதான் நடந்ததைப் பதிந்துகொள்ளுகின்ற மூளைப் பாகத்தில்தான் டி.எச்.சி. ஒட்டும் இடங்கள் அடர்த்தியாயிருக்கின்றன. அதனால்தான் கஞ்சா பிடித்தவன் பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் விழிக்கின்றான். ஐந்து நிமிஷம் ஒரு மணியாகத் தோன்றுகின்றது. வாலிபன் இதைக் கண்டு சிரிக்கின்றான். தூங்கி எழுந்தால் சரியாய்ப்போகின்றது. வயதான மூளைக்குக் கையிருப்புக் குறைவு. அதே மயக்கம் அங்கே சிரிப்பாக வருவதில்லை. திகிலாகவும், இடம் ஆள் தெரியாத குழப்பமாகவும் வருகின்றது. பார்க்கிறவர்கள் கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகின்றார்கள். இருபது வயதில் ஒருவனைப் பாட்டுப் பாட வைத்த வஸ்து எழுபது வயதில் அதே மனிதனைக் கதவுக்குப் பின்னால் ஒளிய வைக்குமானால், எதைக் கஞ்சாவின் குணம் என்று சொல்லுவது? குணம் செடியில் பாதி, வாங்குகின்ற தலையில் பாதி.

இதற்கு எதிர்ச்சாட்சியும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. ஜெர்மனியில் பான் நகரத்துச் சர்வகலாசாலைக்காரர்களும் எருசலேம் எபிரேயச் சர்வகலாசாலைக்காரர்களும் சேர்ந்து சுண்டெலிகளைக்கொண்டு ஒரு சோதனை நடத்தி 2017-ல் வெளியிட்டார்கள். மிகச் சிறிய அளவு டி.எச்.சி.யை 28 நாள் ஓயாமல் சரீரத்துக்குள் கசியும்படி செய்தார்கள். இரண்டு மாத வயதுள்ள இளம் எலிகளுக்கு ஞாபகம் கெட்டது. ஒரு வருஷமும் ஒன்றரை வருஷமும் ஆன கிழ எலிகளுக்கோ ஞாபகம் தேறியது! எலியின் மூளையில் ஆனந்தமைடு வகையறாவின் வேலை வயதில் தளர்ந்துபோகின்றது என்றும், வெளியிலிருந்து சிறிது கொடுத்தால் தூக்கி நிறுத்தலாமென்றும், வாலிபத்தில் ஏற்கனவே நிரம்பியிருப்பதால் மேலே ஊற்றினால் வழிகின்றது என்றும் அவர்கள் காரணம் சொல்லுகின்றார்கள். நாம் சொல்லிவருகின்றதற்கு இது விரோதமல்ல. வயது மாறினால் பலனே தலைகீழாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் மேல்நாட்டில் இந்தச் சரக்கை விற்கின்றவர்கள் இதை எடுத்துக்கொண்டு, "முதியோர்களே, உங்கள் ஞாபகசக்திக்கு!" என்கின்ற மாதிரியில் கடை பரப்புகின்றார்கள். அந்த எலி மாத்திரை சாப்பிடுகின்ற எலியா? நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கின்ற எலியா? மனிதர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், நெதர்லாந்தில் ஞாபகத் தேய்வுள்ள 50 நோயாளிகளுக்கு, அவர்களுடைய மனக்கிளர்ச்சி அடங்குவதற்காக, வேளைக்கு 1.5 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை கொடுத்துப் பார்த்து 2015-ல் எழுதினார்கள். கெடுதலும் இல்லை; பலனும் இல்லை. பின்னர் அமெரிக்காவில் 75 நோயாளிகளுக்கு வேளைக்கு 5 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை கொடுத்ததில் கிளர்ச்சி ஓரளவு தணிந்தது. ஞாபகத்தைத் திருப்பிக் கொடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அளவையும் கவனிக்கவேண்டும். வைத்தியர் 1.5-க்கும் 5-க்கும் யோசிக்கின்ற இடத்தில், அமெரிக்க ராஜ்யங்கள் பலவற்றில் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம்வரை சட்டம் அனுமதிக்கின்றது.

அதன் விளைவும் கணக்கில் வந்துவிட்டது. காலிபோர்னியாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அவசர சிகிச்சைக்கு வந்த லட்சம் தடவைகளில், கஞ்சா சம்பந்தப்பட்டவை 2005-ல் சுமார் 21, 2019-ல் 395. ஒன்டாரியோ மாகாணத்தில் கஞ்சா விஷமேறி ஆசுபத்திரிக்கு வந்த முதியவர்களின் விகிதம், 2018 அக்டோபரில் விற்பனையைச் சட்டம் அனுமதித்தவுடன் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறி, 2020 ஜனவரியில் மிட்டாய் வகைகளை அனுமதித்த பிறகு இன்னும் ஏறிற்று. அந்த ஒன்டாரியோவில்தான் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பெருவாரியாக இருக்கின்றார்கள் என்பதால் இதை நமது ஜனங்களுக்குச் சம்பந்தமில்லாத சீமைச் சங்கதியென்று தள்ளிவிட முடியாது. பேரன் மேசைமேல் வைத்துவிட்டுப் போன மிட்டாயை அம்மம்மா எடுத்து வாயில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அதே மாகாணத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட 60 லட்சம் பேருக்கு மேல் கணக்கெடுத்து 2025-ல் வந்த ஆராய்ச்சி ஒன்று, கஞ்சாவினால் ஆசுபத்திரிக்கு வரநேர்ந்தவர்களுக்கு ஐந்து வருஷத்திற்குள் ஞாபகத் தேய்வு காணும் அபாயம் பொது ஜனங்களைவிட நூற்றுக்கு 72 பங்கும், வேறு காரணங்களால் ஆசுபத்திரிக்கு வந்தவர்களைவிட 23 பங்கும் அதிகம் என்கின்றது. கஞ்சாவினால் தேய்வு வந்ததா, தேயத் தொடங்கிய மூளை கஞ்சாவைத் தேடிற்றா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அவ்வளவு தூரத்திற்கு மேல் அதை இழுப்பவன் சாமியாருக்கு அண்ணன்.

நிற்க, மற்றொரு பக்கத்து மூடநம்பிக்கையையும் சொல்லாவிட்டால் நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். கஞ்சா என்றவுடனேயே பேயைக் கண்டதுபோல் அலறி, அதைத் தொட்ட கிழவரைக் குடும்பத்துக்கு அவமானம் என்று திண்ணைக்குத் தள்ளுகின்ற யோக்கியர்கள் இருக்கின்றார்கள். 2019-ல் வெளியான சர்க்கார் கணக்குப்படி நமது நாட்டில் ஒரு வருஷத்தில் கஞ்சா வகையில் ஏதேனும் ஒன்றை உபயோகித்தவர்கள் மூன்று கோடிப் பேருக்கு மேல். அத்தனை பேரும் பேய்களா? 1893-94-ல் வெள்ளைக்கார சர்க்கார் இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டு 1193 சாட்சிகளை விசாரித்தது. மிதமாய் உபயோகித்தால் தீங்கு ஏறக்குறைய இல்லை, மிதமிஞ்சினால் தீங்கு என்று அக்கமிஷன் சொல்லிற்று. நமக்கு அதிலுள்ள ஆட்சேபம் ஒன்றுதான். மிதம் என்றால் யாருக்கு மிதம்? வாலிபனுக்கு மிதமானது அவனுடைய தகப்பனுக்கு மிதமிஞ்சினது என்பதை அந்தக் கமிஷனும் நினைக்கவில்லை, 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டமும் நினைக்கவில்லை. அந்தச் சட்டத்திற்குப் பூவாயிருந்தால் குற்றம், இலையாயிருந்தால் குற்றமில்லை. வயோதிகருடைய ஈரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அவமானத்திற்கும் சட்டத்திற்கும் பயந்துதான் வீட்டார் வைத்தியரிடம் வாயை மூடிக்கொள்ளுகின்றார்கள். இதனால் நேருகின்ற கெடுதி கஞ்சாவின் கெடுதியைவிடப் பெரிது. ஆசுபத்திரியில் படுத்தவுடன் சிலும்பி நின்றுபோகின்றது. பழகின சரீரம் இரண்டொரு நாளில் தூக்கமில்லாமல், வேர்த்து, சாப்பாட்டை வெறுத்து, எரிந்து விழுகின்றது. காரணம் தெரியாத வைத்தியர் அதற்கும் ஒரு மருந்து எழுதுகின்றார். கத்தி வைக்கின்ற சிகிச்சையானால், மயக்கமருந்து எவ்வளவு கொடுப்பது என்பதே கஞ்சாப் பழக்கத்தைப் பொறுத்து மாறக்கூடும். இதற்காகவே எல்லா நோயாளியையும் இதைப்பற்றி முன்கூட்டிக் கேட்டுவிடவேண்டும் என்று அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர்களின் சங்கம் ஒன்று 2023-ல் விதி வகுத்தது. மாத்திரைகளின் சங்கதி இன்னும் மோசம். இரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கின்ற வார்பரினை ஈரலில் எது கழிக்கின்றதோ அதுவே டி.எச்.சி.யையும் கழிக்கின்றது. ஒரே வாசலில் இரண்டு பேர் நெருக்கினால் வார்பரின் உள்ளேயே தங்கிப்போய், இரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துவிடும்.

அந்தத் தகப்பனார் ஏன் மடத்துத் திண்ணைக்குப் போனார் என்பதையும் மகன் யோசித்துப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். முழங்கால் வலி என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்? "வயதானால் அப்படித்தான்" என்று சொன்னவர் யார்? அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச, சம்சாரம் இறந்த பிறகு யார் இருந்தார்கள்? நமது வீடுகளில் வயோதிகர்களுக்குக் காலில் விழுந்து கும்பிடு உண்டு. அவர்கள் சொல்லுகின்ற வலியைக் காதில் வாங்குகின்ற வழக்கம் இல்லை. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தார் 2017-ல், நாட்பட்ட வலிக்குக் கஞ்சா ஓரளவு உதவுகின்றதற்குத் தக்க ஆதாரம் உண்டென்றே எழுதினார்கள். ஆகவே அவர் தேடினது முழுப் பைத்தியக்காரத்தனமல்ல. அளந்து கொடுக்க ஆளில்லாத இடத்தில் தேடினார் என்பதுதான் குறை.

தோழருடைய கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி இருக்கின்றது. "வைத்தியரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமா?" என்கின்றார். வைத்தியரிடம் நோயாளி சொன்னது வைத்தியத்திற்காகச் சொன்னது. அன்றியும், மேற்படிச் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, சொந்த உபயோகத்திற்காகச் சிறிய அளவு வைத்திருந்த பழக்கக்காரர் தாமாக முன்வந்து சர்க்கார் ஆசுபத்திரியிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றுக்கொண்டால், அவர்மேல் வழக்கு நடத்தாமலிருக்க இடமிருக்கின்றது. ஆதலால் சொல்லவேண்டியதை ஒளிக்காமல் சொல்லலாம்: எப்போது ஆரம்பித்தார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, புகையா உருண்டையா, கூட என்னென்ன மாத்திரை என்பவைகளை எல்லாம்.

இந்தத் தலையங்கத்தை எழுதி முடிக்கும்போதுதான், கடிதத்தோடு மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டின் நகலைப் பிரித்துப் பார்த்தோம். மூன்றாவது வரியில் வார்பரின் இருக்கின்றது. அந்த மருந்தைச் சாப்பிடுகின்ற 71 வயதுக்காரர் இரண்டு தடவை விழுந்து, பிறகு ஒரு நாள் ஆள் தெரியாமல் பேசினார் என்றால், அது கஞ்சா மயக்கமாகவும் இருக்கலாம். தலைக்குள் மெதுவாகக் கசிகின்ற இரத்தமாகவும் இருக்கலாம். மணிக்கட்டைப் படம் எடுத்ததாகக் கடிதத்தில் இருக்கின்றதே தவிர, தலையைப் படம் எடுத்ததாக இல்லை. பத்திரிகை அச்சாகிக் கையில் கிடைக்கும்வரை காத்திருக்கக்கூடிய சங்கதியல்ல என்று, நேற்று இரவே தோழரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தகப்பனாரை அழைத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்குப் போகும்படியும், எல்லாவற்றையும் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டோம். புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்.